இருட்டின பிறகு வெளுக்கும் மேகம்

போன ஆனி மாசம் ஒரு நாள். ராத்திரி மூணு பேஸ் கரண்டு வரும்போது மோட்டார் போட்டுட்டு, குறுவை நடவு வயல்ல தண்ணி எட்டிப்போச்சான்னு பாத்துட்டு, வரப்புல உக்காந்து போனை எடுத்தேன். அக்கா மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். அவன் ஜெர்மனியில பெர்லின் பக்கம் வேலை பாக்குறான். அங்கே அப்ப ராத்திரி 11 மணி. படத்துல கீழே மரமும் வீடும் கன்னங்கரேல்னு இருக்கு. மேலே வடக்கு வானத்துல மட்டும் வெள்ளியை உருக்கி ஊத்தின மாதிரி, லேசா நீலம் கலந்து, ஆத்து மணல்ல தண்ணி வடிஞ்ச பிறகு தெரியுமே வரி வரியா, அந்த மாதிரி ஒரு மேகம்.

“மாமா, இது என்ன மேகம்? மழை வருமா?”

எனக்கு மேகம் பாக்கத் தெரியும்னு எங்க வீட்டுல ஒரு நெனப்பு. ஈசான மூலையில மின்னினா என்ன, நிலா கோட்டை கட்டினா என்ன, செம்மறி ஆட்டு மந்தை மாதிரி மேகம் படர்ந்தா என்ன, அதெல்லாம் அப்பாயி சொல்லிக் கொடுத்தது. “அகல வட்டம் பகல் மழை” என்பது அவங்க வாயில அடிக்கடி வரும். ஆனா நடு ராத்திரியில, நிலா இல்லாம, தானா வெளுத்துக் கிடக்கிற மேகத்துக்கு அப்பாயிகிட்ட வார்த்தை இல்லை. தெரியலைப்பா, விசாரிச்சு சொல்றேன்னு பதில் போட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு அவனே இன்னொரு செய்தி அனுப்பினான். “மாமா, இங்கே கூட வேலை பாக்குறவர் சொல்றாரு. நெல் வயல்தான் இந்த மேகத்துக்கு ஒரு காரணமாம். அப்ப உங்க வயலும்தான்!” கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

எனக்குச் சிரிப்பு வரலை. நம்ம மேல எத்தனையோ பழி இருக்கு. தண்ணியை வீணாக்குறோம், யூரியாவைக் கொட்டுறோம், இலவச கரண்டு எரிக்கிறோம். இப்ப ஜெர்மனி வானத்துல மேகம் வந்தாலும் நாமதானா? ரெண்டு மாசம் கிடைச்சதையெல்லாம் படிச்சேன். புரியாத இடத்துல அக்கா மகனையே விட்டு விளக்கச் சொன்னேன். அந்தக் கதையைத்தான் எழுதுறேன். கொஞ்சம் பழைய கதை, 140 வருஷத்துக்கு முன்னாடி போகணும்.

1883ஆம் வருஷம் ஆகஸ்ட் 26, 27 தேதிகள்ல சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் நடுவே கடல்ல இருந்த கிரகடோவா எரிமலை வெடிச்சது. 27ஆம் தேதி காலை 10 மணிக்கு வந்த வெடிதான் பெருசு. அந்தச் சத்தம் இந்துமாக்கடலைத் தாண்டி 4,800 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ரோட்ரிக்ஸ் தீவுல பீரங்கிச் சத்தம் மாதிரி கேட்டது. கடல் எழும்பி வந்து செத்தவங்கதான் அதிகம். அரசாங்கக் கணக்கே 36,000 பேருக்கு மேல. 2004 சுனாமியைக் கண்ணால பார்த்த நாகப்பட்டினத்துக்காரங்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

வெடிச்ச மலை சாம்பலை மட்டும் அனுப்பலை, கந்தகப் புகையையும் மேலே அனுப்பிச்சு. அது மழை மேகம் எட்டாத உயரத்துக்குப் போயிட்டதால மழையில கழுவிக் கீழே வரலை, காத்தோட பூமியைச் சுத்த ஆரம்பிச்சது. செப்டம்பர் ரெண்டாவது வாரம் இலங்கையிலும் சென்னையிலும் ஜனங்க ஒரு அதிசயத்தைப் பாத்தாங்க. சூரியன் பச்சையா உதிச்சது, பச்சையா மறைஞ்சது. சில இடத்துல நீலம். அப்ப சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில பௌதிகம் சொல்லிக் கொடுத்த சார்லஸ் மிச்சி ஸ்மித் என்பவர், நிறமாலைக் கருவியை வெச்சு அந்தப் பச்சைச் சூரியனை ஆராய்ஞ்சு எழுதி வெச்சிருக்கார். பின்னாடி கொடைக்கானல் வானாய்வுக் கூடத்தை உருவாக்கினவர் இவர்தான். கொடைக்கானல் போறவங்க படகு சவாரியோட திரும்பாம அந்தக் கூடத்தையும் எட்டிப் பாத்துட்டு வாங்க.

தூசி எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவுல இருந்தா, அந்த அளவைப் பொறுத்து சிவப்பு ஒளி சிதறிப்போய் நீலமும் பச்சையும் மட்டும் நேரா வந்து சேருமாம். அதுதான் பச்சைச் சூரியன். எங்க கொள்ளுத்தாத்தா அந்த வருஷம் இதே நிலத்துல சம்பா நட்டிருப்பார். அவர் தலை நிமிர்ந்து பாத்தாரா, பாத்து யார்கிட்டயாவது சொன்னாரா, எங்க வீட்டுல அப்படி ஒரு பேச்சு வந்ததே இல்லை. படிச்சவர் ஒருத்தர் பாத்து எழுதி வெச்சதால சென்னைக் கதை நமக்குக் கிடைச்சது. எழுதாத ஊர்க் கதை போச்சு.

அந்தத் தூசி வடக்கே போகப் போக செவ்வானம் பெருசாச்சு. நவம்பர் மாசக் கடைசியில அமெரிக்காவில நியூயார்க் மாநிலத்துல போக்கீப்சி என்ற ஊர்ல, அடிவானம் பத்தி எரியுதுன்னு நெனச்சு தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுட்டாங்க. லண்டன்ல வில்லியம் ஆஸ்கிராஃப்ட் என்ற ஓவியர் தேம்ஸ் நதிக்கரையில தினம் சாயங்காலம் உக்காந்து, வானத்தோட நிறம் மாற மாற வேகவேகமா வரைஞ்சார். 500 படத்துக்கு மேல. லண்டன் ராயல் சொசைட்டி உலகம் பூரா இருந்து சேதி சேர்த்து 1888ல ஒரு பெரிய அறிக்கையே போட்டது.

இதுல நமக்கு வேண்டிய சங்கதி ஒண்ணு. ரெண்டு வருஷமா ஐரோப்பாவுல படிச்சவன் படிக்காதவன் எல்லாரும் சாயங்காலம் ஆனா வானத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்படிப் பாத்துக்கிட்டு இருந்த கண்ணுக்குத்தான் 1885ஆம் வருஷம் ஜூன் மாசம் புதுசா ஒண்ணு பட்டது.

ஜூன் 8ஆம் தேதி, தாமஸ் பேக்ஹவுஸ் என்ற ஆங்கிலேயர் ஜெர்மனியில கிஸ்ஸிங்கன் என்ற ஊர்ல இருந்தப்ப, பொழுது சாஞ்சு நல்லா இருட்டின பிறகும் வடக்கே ஒரு மேகம் பளபளன்னு இருக்கிறதைப் பாத்துக் குறிச்சு வெச்சார். நாலு நாள் கழிச்சு ஜூன் 12 அன்னைக்கு மாஸ்கோவில விதோல்த் செராஸ்கி என்ற வானியல்காரர் அதையே பாத்தார். (ஜூன் 12ன்னா எங்க பக்கம் மேட்டூர் திறக்கிற தேதி. அந்த மேகத்துக்கும் அது சம்பந்தம் இல்லை, தேதியைப் பாத்ததும் எனக்கு ஞாபகம் வந்துது, அவ்வளவுதான். மேட்டூர் அணை அப்ப கிடையாது, 1934லதான் வந்தது.) அதே மாசம் பெர்லின் பக்கம் ஓட்டோ யெஸ்ஸெ என்பவரும் பாத்தார்.

செராஸ்கி சொன்னதுதான் முக்கியம். அவர் அதுக்கு முந்தின பத்து வருஷமா, அந்தி நேரத்து வானத்தைத் தொழிலாவே அளந்துக்கிட்டு வந்தவர். இப்படி ஒரு மேகம் முன்னாடி வந்திருந்தா என் கண்ணுல படாமப் போயிருக்காதுன்னு அடிச்சுச் சொன்னார். மேகங்களுக்கு வகை பிரிச்சு லத்தீன்ல பேர் வெச்சது 1802ல, லண்டன்ல மருந்து தயாரிச்சு வித்த லூக் ஹோவர்ட். அதுல இருந்து 80 வருஷத்துக்கு மேல ஐரோப்பாவுல மேகம் பாக்கிறதே ஒரு வேலையா இருந்தவங்க நிறைய. அதுல யாரும் இதைச் சொல்லலை. அதனால இது உண்மையிலேயே புதுசா, இல்லை இத்தனை நாள் யாரும் சரியாப் பாக்கலையா என்ற வழக்கு அன்னைக்கு ஆரம்பிச்சு இன்னும் நடக்குது.

இது மத்த மேகம் மாதிரி இல்லைன்னு எப்படித் தெரிஞ்சது? உயரத்தை அளந்துதான். ரெண்டு வரப்புல ரெண்டு ஆள் நின்னு, தூரத்துப் பனைமரத்தைப் பாத்தா, ஆளுக்கு ஒரு திசையில தெரியும். ரெண்டு பேர் நிக்கிற இடைவெளியும், பாக்கிற கோணமும் தெரிஞ்சா பனைமரம் எவ்வளவு தூரம்னு கணக்குப் போட்டுடலாம். யெஸ்ஸெ அதைத்தான் செஞ்சார். 1887ல முதல் முறையா அந்த மேகத்தைப் போட்டோ எடுத்தார். 1889ல இருந்து பல மைல் இடைவெளியில கேமராக்களை நிறுத்தி, ஒரே நேரத்துல படம் எடுக்க வெச்சார். கணக்குப் போட்டா 82 கிலோமீட்டர் வந்தது!

எங்க ஊர் ஐப்பசி கார்த்திகை இடி மேகம் எவ்வளவு ஓங்கி வளர்ந்தாலும் அதோட தலை 15 கிலோமீட்டரைச் சுமாரா எட்டும். இந்த மேகம் அதைப் போல அஞ்சு மடங்குக்கு மேல உசரம். இப்ப செயற்கைக்கோளை வெச்சு அளந்தாலும் 83ன்னுதான் வருது. கண்ணாடித் தகட்டுல படம் பிடிச்சு, பென்சிலால கணக்குப் போட்ட மனுஷன் ஒரு கிலோமீட்டருக்கு மேல பிசகலை. இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்சவர் இவர்தான்.

உயரம் தெரிஞ்சதும் வெளிச்சத்தோட ரகசியமும் தெரிஞ்சுபோச்சு. தெருவுல இருட்டு வந்த பிறகும் கோபுரக் கலசத்துல மட்டும் கொஞ்ச நேரம் வெயில் நிக்கும் பாருங்க, அதே சங்கதிதான். 82 கிலோமீட்டர் உசரத்துக் கலசம்னா, கீழே நடுராத்திரி ஆனாலும் அதுல வெயில் படும். மேகத்துக்குச் சொந்த வெளிச்சம் ஒண்ணும் இல்லை. பகல்ல பாத்தா தெரியாது, அவ்வளவு மெல்லிசு. இருட்டுற வானம் பின்னாடி இருந்து, முன்னாடி வெயில் பட்டாத்தான் தெரியும். இதை நாக்டிலூசன்ட் மேகம்னு சொல்றாங்க, இரவில் ஒளிரும் மேகம். ஐரோப்பா மாதிரி வடக்கே தள்ளி இருக்கிற ஊர்ல கோடைகாலத்துல சூரியன் அடிவானத்துக்குக் கீழே ரொம்ப ஆழம் போகாம, ஓரமாவே நழுவிப் போகும். அதனால மணிக்கணக்கா தெரியும். நம்ம ஊர்ல சூரியன் செங்குத்தா விழுந்துடும். அதோட அந்த மேகம் உருவாகிற இடமே துருவத்துப் பக்கம். ஆக இங்கே இருந்து பாக்க வழியே இல்லை.

அடுத்த கேள்வி, அது எதனால ஆனதுன்னு. முதல்ல எல்லாரும் கிரகடோவா தூசின்னுதான் நெனச்சாங்க. ஆனா ரெண்டு மூணு வருஷத்துல செவ்வானம் அடங்கிருச்சு, தூசி இறங்கிருச்சு. மேகம் மட்டும் ஒவ்வொரு கோடையிலும் வந்துக்கிட்டே இருந்தது. 1908 ஜூன் 30 அன்னைக்கு சைபீரியாவில துங்குஸ்கா காட்டுல வானத்துக் கல் ஒண்ணு வெடிச்சது. அன்னைக்கு ராத்திரி ஐரோப்பா வானமே இருட்டலை, இந்த மேகமும் பிரகாசமா வந்தது. அதனால எரிகல் தூசின்னு இன்னொரு கட்சி கிளம்பிச்சு. 1912ல ஆல்ஃபிரட் வேகனர், கண்டங்கள் நகருதுன்னு சொன்ன அதே ஆள், இது பனிக்கட்டியாத்தான் இருக்கணும்னு சொன்னார். அவ்வளவு உசரத்துல தண்ணி ஏதுன்னு கேட்டவங்களும் இருந்தாங்க. 1962ல சுவீடன்ல இருந்து ராக்கெட்டை அனுப்பி, அந்த மேகத்துக்குள்ள புகுந்து துகளைப் பிடிச்சுட்டு வந்தாங்க. துகளைச் சுத்தி ஈரம் இருந்து காஞ்ச தடம் தெரிஞ்சது. பனிக்கட்டிதான்னு சந்தேகமே இல்லாம ஊர்ஜிதம் ஆனது 2001ல, செயற்கைக்கோள் அளவு மூலமா.

இப்பச் சொல்ற விளக்கம் இது. ஒரு மேகத்துக்கு மூணு வேணும். குளிர், ஈரம், ஒட்டிக்கிற ஒரு தூசி. தூசிக்குக் கவலை இல்லை. தினமும் எரிகல் எரிஞ்சு விழுற புகை அங்கே எப்பவும் மிதக்குது. குளிர்தான் விசித்திரம். நமக்குக் கோடைன்னா சூடு. 83 கிலோமீட்டர் உசரத்துல துருவத்துப் பக்கம் கோடையிலதான் குளிர், அதுவும் சைபருக்குக் கீழே 140 டிகிரி வரைக்கும். பூமியிலேயே அதைவிடக் குளிர்ச்சியான இடம் கிடையாது. காரணம், கோடைத் துருவத்துல காத்து மேலே மேலே ஏறுது. ஏறுற காத்து விரியும், விரியுற காத்து குளிரும். சைக்கிள் டியூப்ல காத்தைத் திறந்து விட்டு விரலை வெச்சுப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கும். அதே வேலைதான்.

மிச்சம் இருக்கிறது ஈரம். எங்க வயலு உள்ளே வர்றது இங்கேதான்.

அவ்வளவு உசரத்துக் காத்து எந்தப் பாலைவனத்தையும்விட வறண்டது. பத்து லட்சத்துல ஒரு சில பங்குதான் நீராவி. கீழே இருந்து நீராவி ஏன் மேலே போகலைன்னா, நடுவுல ஒரு செக்போஸ்ட் இருக்கு. நம்ம மாதிரி வெப்பப் பிரதேசத்துக்கு மேல 17 கிலோமீட்டர் வாக்குல, சைபருக்குக் கீழே 80 டிகிரி போல ஒரு குளிர் அடுக்கு. மேலே போற ஈரம் எல்லாம் அங்கே உறைஞ்சு கீழே விழுந்துடும். ஆனா மீத்தேன் வாயு அந்தக் குளிருக்கு உறையாது. செக்போஸ்ட்ல யாரும் நிறுத்தாத லாரி மாதிரி தாண்டிப் போயிடும். மேலே போனதும் வெயில்ல சிதைஞ்சு, மீத்தேன்ல இருக்கிற ஹைட்ரஜன் ஆக்சிஜனோட சேர்ந்து தண்ணி ஆகுது. ஒரு மீத்தேனுக்கு ரெண்டு தண்ணி. அதாவது தண்ணியாப் போக முடியாதது வேஷம் மாத்திக்கிட்டு வாயுவாப் போய், அங்கே மறுபடி தண்ணியாகுது.

இந்தத் தொடர்பை 1989ல அமெரிக்காவில கொலராடோ பல்கலைக்கழகத்து கேரி தாமஸும் அவரோட இருந்தவங்களும் எடுத்துச் சொன்னாங்க. தொழிற்சாலைக் காலத்துக்கு முன்னாடி 100 கோடி காத்து மூலக்கூறுல மீத்தேன் 700 சொச்சம் இருந்தது. இப்ப 1,900க்கு மேல. 2018ல ஜெர்மனியில லீப்னிட்ஸ் வளிமண்டல இயற்பியல் நிறுவனத்துல லூப்கென் என்பவர் குழு ஒன்று கணக்குப் போட்டுப் பாத்தது. 1800கள்ல இருந்து அந்த உசரத்து நீராவி 40 சதவீதம் போலக் கூடியிருக்கு. பழைய அளவு நீராவிதான் இருந்தா, ஒரு மனுஷன் தன் ஆயுசுல நல்ல பிரகாசமா ஒண்ணைப் பாக்கிறதே அபூர்வம். இன்னைக்கு அளவுக்கு ஒவ்வொரு கோடையிலும் ஒண்ணு ரெண்டாவது தெரியும். அந்தக் கணக்கு சரின்னா செராஸ்கி சொன்னது சரி. 1885க்கு முன்னாடி அது பாக்கிற அளவுக்கு இல்லவே இல்லை.

அப்ப கிரகடோவா? அது கடலுக்குள்ள இருந்த மலை. வெடிக்கும்போது கடல் தண்ணியையும் ஆவியாக்கி மேலே தள்ளியிருக்கும், அந்த ஈரம் ரெண்டு வருஷத்துல ஏறிப்போய் முதல் மேகத்தை மூட்டியிருக்கும்னு சொல்றாங்க. கடல் எரிமலையால அப்படித் தள்ள முடியுமான்னு ரொம்ப நாள் சந்தேகம் இருந்தது. 2022 ஜனவரி 15 அன்னைக்கு டோங்கா தீவுக்கிட்ட ஹுங்கா எரிமலை வெடிச்சப்ப அதோட புகை 57 கிலோமீட்டர் போச்சு, 14 கோடி டன்னுக்கு மேல நீராவியை ஏத்திச்சு. அதுக்கப்புறம் கிரகடோவா வாதத்துக்குக் கொஞ்சம் பலம் வந்திருக்கு. மூட்டினது எரிமலை, அணையாம வெச்சிருக்கிறது மீத்தேன்னு எனக்கு விளங்கினது. அமெரிக்காவோட விண்வெளி ஓடமும் ஒவ்வொரு தடவை கிளம்பும்போது 300 டன்னுக்கு மேல நீராவியை ரொம்ப மேலே கக்கிட்டுப் போகும். 2011 ஜூலையில கடைசி ஓடம் கிளம்பின பிறகும் இந்த மேகம் பிரகாசமாத் தெரிஞ்சதைப் பதிவு பண்ணியிருக்காங்க.

சரி, மீத்தேன் எங்கே இருந்து வருது? நிலக்கரிச் சுரங்கம், எண்ணெய்க் கிணறு, காஸ் குழாய்க் கசிவு, நகரத்துக் குப்பை மேடு, ஆடு மாடு ஏப்பம், அப்புறம் நெல் வயல். மனுஷன் சம்பந்தப்பட்ட மீத்தேன்ல நெல் வயல் பங்கு நூத்துக்கு எட்டு பத்து இருக்கும். மாடு கன்னு மூணுல ஒரு பங்கு.

இதை நான் மறுக்கப் போறதில்லை. சேத்துல கால் வெச்சவனுக்கு அது தெரியும். தண்ணி கட்டி நாலு வாரம் ஆன வயல்ல இறங்கினா காலைச் சுத்திக் கொப்புளம் கொப்புளமா எழும்பும். நாங்க சின்னப் பிள்ளையில அதைப் பாத்து, பூமி மூச்சு விடுதுன்னு சொல்லிக்குவோம். மூச்சுதான். தண்ணி மூடின மண்ணுக்குள்ள காத்து போகாது. காத்து இல்லாத இடத்துல வாழுற நுண்ணுயிர் மக்குற தாளைத் தின்னு மீத்தேனை விடுது. கொப்புளத்துல போறது கொஞ்சம்தான், பெரும்பகுதி நெல் தண்டுக்குள்ள இருக்கிற துளை வழியா, உறிஞ்சு குழல்ல ஏறுற மாதிரி ஏறி வெளியே போகுதாம். நெல்லு தன் வேருக்கு மூச்சு அனுப்ப வெச்சிருக்கிற வழியிலேயே அது திரும்பி வருது.

ஆனா எவ்வளவு என்ற கேள்வியில ஒரு வரலாறு இருக்கு, நகரத்துல இருக்கிறவங்க அவசியம் தெரிஞ்சுக்கணும். 1990 வாக்குல அமெரிக்க அரசோட சுற்றுச்சூழல் முகமை, இந்திய நெல் வயல் வருஷத்துக்கு 3 கோடியே 70 லட்சம் டன்னுக்கு மேல மீத்தேன் விடுதுன்னு ஒரு கணக்கு வெச்சிருந்தது. அந்தக் கணக்கு மேல்நாட்டு வயல்ல அளந்ததை வெச்சு, நம்ம ஏக்கரால பெருக்கிப் போட்டது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துல இருந்த ஏ. பி. மித்ரா இதை ஒத்துக்கலை. 1991ல பல மாநிலத்து வயலுக்கு ஆளை அனுப்பி, நெல்லு மேல பெட்டியைக் கவிழ்த்து, காத்தைப் பிடிச்சு அளந்தாங்க. வந்த விடை சுமார் 40 லட்சம் டன். ஒன்பதுல ஒரு பங்கு! நம்ம வயல் பாதிக்கு மேல மழையை நம்பினது, எப்பவும் தண்ணி நிக்கிறதில்லை. மண்ணும் வேற, உரமும் வேற. வயலுக்குள்ள இறங்காம காகிதத்துல போட்ட கணக்கு அப்படித்தான் வரும். அதே 1991ல டெல்லியில அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சின்னப் புத்தகம் எழுதி, வயித்துக்குச் சோறு விளையும்போது வர்ற மீத்தேனையும் சொகுசுக் காருல வர்ற புகையையும் ஒரே தராசுல வைக்காதேன்னு வாதாடினாங்க. இந்த ரெண்டும் தெரிஞ்சப்ப எனக்கு நெஞ்சுல ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

அதுக்காக நான் விடுறது சைபர்னு ஆகிடாது. மீத்தேன் விட்டா பத்து வருஷம் போலக் காத்துல சுத்தும். மேலே ஏறவே வருஷக்கணக்கு ஆகும். மேல் அடுக்குக்குப் போற காத்து பெரும்பாலும் நம்ம மாதிரி வெப்பப் பிரதேசத்து வழியாத்தான் ஏறுதாம். அக்கா மகன் படம் பிடிச்ச மேகத்துல சைபீரியா காஸ் குழாயும் இருக்கும், டெக்சாஸ் மாட்டுப் பண்ணையும் இருக்கும், எங்க அப்பா காலத்துக் கடைசித் தாளடியும் ஒரு துளி இருக்கும்.

குறைக்க வழியும் புதுசு இல்லை. காய்ச்சலும் பாய்ச்சலும்னு ரொம்ப நாளா சொல்ற பேச்சுதான். தண்ணி கட்டி, வடிய விட்டு, மண்ணுல மயிரிழை வெடிப்பு விட்டதும் மறுபடி கட்டுறது. காத்து உள்ளே போனா அந்த நுண்ணுயிர் அடங்கிடும். மீத்தேன் மூணுல ஒரு பங்கு முதல் பாதி வரைக்கும் குறையுது, தண்ணியும் மிச்சம். துளை போட்ட பிவிசி குழாயை வயல்ல நட்டு, உள்ளே தண்ணி மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கினதும் பாய்ச்சினாப் போதும், விளைச்சல் குறையாதுன்னு சொல்றாங்க. பூக்கிற சமயத்துல மட்டும் காய விடக்கூடாது.

ஒரு கூட்டத்துல இதைச் சொன்ன அதிகாரி ஒருத்தர், ஏன் நீங்க எல்லாரும் செய்யறதில்லைன்னு கேட்டார். பம்புசெட் இருக்கிறவன் செய்யலாம். வாய்க்கால்ல முறை வெச்சு தண்ணி வர்ற கடைமடைக்காரன், வர்ற அன்னைக்கு நிரப்பி வெச்சுக்கத்தான் பாப்பான். இன்னைக்கு வடிய விட்டு நாளைக்கு வாய்க்கால் காஞ்சா, அவன் பயிருக்கு யார் ஜவாப்பு? ஐப்பசி அடைமழையில டெல்டா வயலைக் காயப்போடுன்னா அதை வருண பகவான்கிட்டத்தான் சொல்லணும். இன்னொண்ணு, காயவிட்டுக் காயவிட்டு யூரியா போட்டா நைட்ரஸ் ஆக்சைடுன்னு வேற ஒரு வாயு கூடும், அது மீத்தேனைவிட வேகமா சூட்டைப் பிடிக்கும். ஆக உரத்தையும் பாத்துப் போடணும். இவ்வளவும் சேந்ததுதான் அந்த ரெண்டு வார்த்தை.

எனக்கு போர் தண்ணி பாயுற வயல் மூணு மா இருக்கு, மிச்சம் வாய்க்கால் பாசனம். போர் வயல்ல மட்டும் இந்தக் குறுவைக்கு ரெண்டு குழாய் நட்டிருக்கேன். அடுத்த வரப்புக்காரர், என்னண்ணே, வயலுக்கு குளுக்கோஸ் ஏத்துறீங்களான்னு கேட்டுட்டுப் போனார். முதல் வெடிப்பு விட்டதைப் பாத்தப்ப கை பரபரத்தது. ராத்திரி ரெண்டு தடவை டார்ச் அடிச்சுப் போய்ப் பாத்தேன். மூணாவது நாள் காலையிலதான் மோட்டார் போட்டேன். பயிருக்கு ஒண்ணும் ஆகலை, தூர் நல்லாத்தான் கட்டியிருக்கு.

அக்கா மகனுக்கு இதுல பாதியைப் பேசி அனுப்பினேன். மழை வருமான்னு கேட்டியே, வராது, அந்த மேகத்துத் துகள் மயிர் மொத்தத்துல ஆயிரத்துல ஒரு பங்குதான், கீழே இறங்கி வரும்போதே ஆவியாப் போயிடும்னு சொன்னேன். ஆவணி பிறந்தா அங்கே அந்த மேகத்தோட பருவம் முடிஞ்சுடும். அடுத்த வருஷம் ஜூன்ல தெரிஞ்சா வீடியோ கால் போடு, எத்தனை மணியானாலும் பரவாயில்லை, நான் மோட்டார்கிட்ட முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன்னு சொல்லியிருக்கேன்.